கடற்கரைத் தானிய நிலையமும் களத்துமேட்டு நெல்லும்

விளைச்சலைப் பெருக்கும் வழிகளைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். விளைந்ததைக் காக்கும் வழிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. விதை, நீர், உரம், உழைப்பு ஆகிய நான்கையும் செலவிட்டு வீட்டு வாயில் வரை கொண்டு வந்த நெல், ஒரு மழை இரவில் முளை கட்டிப் போவதைக் காணும் குடியானவருக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் தராது. வைகைப் பாசனப் பகுதியில் இத்தகைய இரவுகள் புதியவை அல்ல. ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்துவிடப்பட்டால், பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோக நிலங்களில் முதற்போக அறுவடை வடகிழக்குப் பருவ மழையை ஒட்டியே வருகிறது. நெல் குவியலாகக் களத்தில் கிடக்க, வானம் கறுத்து நிற்கும் காலம் அது.

உலகம் முழுவதும் தானியத்தைப் பெருமளவில் காப்பதற்கு எழுந்த கட்டிடங்களுள் தலையாயது துறைமுகங்களிலும் ஏரிக் கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் தானிய எலிவேட்டர் நிலையம். கடலைக் காணாத மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்ற கேள்வி எழலாம். அந்நிலையம் எவ்வாறு அமைந்திருக்கிறது, எவ்வாறு இயங்குகிறது என்பதை முறையாக அறிந்து கொண்டால், நம் களத்துமேட்டில் செய்ய வேண்டியது எது என்பது தானாகவே விளங்கும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கட்டிய களஞ்சியங்கள்

தானியத்தைச் சேமித்து வைப்பதில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் குலுக்கை என்றும், வேறு பகுதிகளில் குதிர் என்றும் வழங்கும் மண் களஞ்சியத்தை நம்மில் மூத்தோர் நன்கு அறிவர். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து பிசைந்து, வளையம் வளையமாக அடுக்கி, உலரவிட்டு, சாணம் மெழுகி அதை அமைப்பார்கள். நெல்லை மேல் வாயின் வழியே கொட்டுவார்கள். அடியில் உள்ள சிறு துளையின் அடைப்பை நீக்கினால் வேண்டிய அளவு நெல் தானே வழிந்து வரும். முதலில் கொட்டிய நெல் முதலில் வெளிவருவதால் பழைய நெல் தேங்குவதில்லை. மேலே நிரப்பி, கீழே எடுத்து, நடுவில் உள்ள வேலையைப் புவியீர்ப்புக்கு விட்டுவிடும் இந்த முறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் காணப்போகும் பெரிய நிலையத்தின் சூத்திரமும் இதுவே.

பெரிய களஞ்சியங்களும் நம் நாட்டில் இருந்தன. தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், செங்கல்லால் கட்டப்பட்ட வட்ட வடிவ நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் உயரம் சுமார் 36 அடி. சுமார் 3,000 கலம் நெல் கொள்ளக்கூடியது. திருவரங்கம் கோயிலிலும் இத்தகைய வட்டக் களஞ்சியங்கள் உள்ளன. மதுரை நகரின் நெல்பேட்டை என்னும் பெயரும் தானிய வாணிகத்தின் பழமையை நமக்குச் சொல்கிறது.

வடக்கே, பாட்னா நகரில் கங்கைக் கரையை ஒட்டி நிற்கும் கோல்கர் என்ற கட்டிடம் இவற்றினும் பெரியது. 1770-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட பின், கம்பெனி ஆட்சியினர் காப்டன் ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளரைக் கொண்டு அதை 1786-இல் கட்டி முடித்தனர். தேன்கூட்டைப் போன்ற வடிவம். உள்ளே ஒரு தூண் கூடக் கிடையாது. உயரம் 29 மீட்டர். சுமைதூக்குவோர் ஒரு புறப் படிகளின் வழியே மூட்டையோடு ஏறி, உச்சித் துளையில் தானியத்தைக் கொட்டிவிட்டு, மறுபுறப் படிகளின் வழியே இறங்க வேண்டும் என்பது திட்டம். சுமார் 1,40,000 டன் கொள்ளும் என்று கணக்கிட்டுக் கட்டிய அக்களஞ்சியம் ஒருபோதும் முழுவதும் நிரம்பியதில்லை. இடம் இருந்தது, ஆனால் தானியத்தை மேலே ஏற்றவும், உள்ளே அசைக்கவும், காற்றூட்டவும் வசதி இல்லை. கொள்ளளவு மட்டுமே களஞ்சியம் ஆகாது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

எலிவேட்டர் பிறந்த கதை

தானியத்தை யந்திரத்தால் ஏற்றும் நிலையம் அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையிலுள்ள பஃபலோ நகரில் பிறந்தது. 1825-இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டதும் மேற்குப் பகுதிகளின் கோதுமையெல்லாம் ஏரிக் கப்பல்களில் அந்நகருக்கு வந்து குவிந்தது. அங்கே கப்பலிலிருந்து இறக்கிக் கால்வாய்ப் படகுகளில் மாற்ற வேண்டும். கூலியாட்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். மழை பெய்தால் வேலை நின்றது. கப்பல்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன.

ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் 1842-இல் இதற்கு ஒரு வழி கண்டனர். மாவு ஆலைகளில் ஆலிவர் எவன்ஸ் என்பவர் முன்னரே புகுத்தியிருந்த முறையை அவர்கள் பெரிய அளவில் கையாண்டனர். நீண்ட பெல்ட் ஒன்றில் வரிசையாக வாளிகளைக் கோத்து, நீராவி யந்திரத்தால் சுழலச் செய்து, அதன் ஒரு முனையைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கினார்கள். வாளிகள் தானியத்தை மொண்டு மேலே கொண்டு சென்று கொட்டின. மணிக்கு 1,000 புஷல், அதாவது ஏறத்தாழ 27 டன் கோதுமை, இவ்வாறு ஏறிற்று.

கிணற்றில் வாளிகள் கோத்த பாரசீகச் சக்கரத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அது நீரை மொண்டது. இது தானியத்தை மொள்கிறது. நம் மாவட்டத்து அரிசி ஆலைகளில் நெல்லை மாடிக்கு ஏற்றும் வாளி எலிவேட்டர் இதே இனத்தைச் சேர்ந்தது. ஆலைக்கு நெல் கொண்டு செல்வோர் அடுத்த முறை அதைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம்.

நிலையத்தின் உறுப்புகள்

கரையோர நிலையத்தில் நான்கு உறுப்புகளை நாம் வேறுபடுத்தி அறியலாம்.

முதலாவது, இறக்கும் உறுப்பு. கப்பல் தளத்தின் விளிம்பில் தண்டவாளத்தின் மேல் நகரும் கோபுரம் ஒன்று நிற்கும். அதிலிருந்து வாளிப் பெல்ட்டோ, உறிஞ்சு குழாயோ கப்பலின் சரக்கறைக்குள் இறங்கும். கப்பல் எந்த இடத்தில் நின்றாலும், அலைக்கும் நீர்மட்டத்துக்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். ஆற்றங்கரை நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் இந்த உறுப்புக்குப் பதிலாகத் தரையில் சல்லடைக் கம்பிகள் மூடிய குழி இருக்கும். லாரியோ ரயில் வண்டியோ அதன் மேல் நின்று தானியத்தைக் கொட்டிவிடும்.

இரண்டாவது, ஏற்றுக் கோபுரம். நிலையத்தின் மிக உயர்ந்த பகுதி இதுவே. எலிவேட்டர் கால்கள் எனப்படும் வாளிப் பெல்ட்டுகள் இதனுள் அடி முதல் முடி வரை ஓடுகின்றன. தானியம் உச்சிக்கு ஒரு முறை ஏறிவிட்டால், பிறகு மாடி மாடியாகத் தானே இறங்கும். இறங்கும் வழியில் தராசும், சல்லடையும், இரும்புத் துண்டுகளைப் பற்றும் காந்தமும், தூசியை உறிஞ்சும் விசிறியும் வைக்கப்பட்டிருக்கும். கோபுரம் அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் அழகன்று. ஒரே ஏற்றத்தில் எல்லா வேலைகளையும் முடித்துவிட வேண்டும் என்ற சிக்கனமே காரணம்.

மூன்றாவது, சைலோ என்னும் உருளைக் களஞ்சியங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இரண்டு, மூன்று வரிசைகளாக இவை நிற்கும். வட்டங்கள் சேரும் இடத்தில் உண்டாகும் நட்சத்திர வடிவ இடைவெளியையும் வீணாக்காமல் சிறு களஞ்சியமாகப் பயன்படுத்துவார்கள். உருளைகளின் தலைக்கு மேல் நீண்ட கூடம் ஒன்று இருக்கும். அதில் ஓடும் பெல்ட், வேண்டிய உருளையின் வாயில் தானியத்தைக் கொட்டும்.

நான்காவது, அனுப்பும் உறுப்பு. உருளைகளின் அடிப்பகுதி புனலைப் போல் குவிந்திருக்கும். அதன் கீழ்ச் சுரங்கப் பாதையில் மற்றொரு பெல்ட் ஓடும். வாயைத் திறந்தால் தானியம் அதில் விழுந்து, மீண்டும் கோபுரத்துக்குச் சென்று, எடை போடப்பட்டு, கப்பலுக்கோ ரயிலுக்கோ செல்லும்.

குலுக்கையின் மேல்வாயும் அடித்துளையும் இங்கே பெல்ட்டும் புனலுமாக வளர்ந்திருப்பதை வாசகர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

வட்டச் சுவரின் கணக்கு

தொடக்கத்தில் இந்நிலையங்களை மரத்தால் கட்டினார்கள். அவை அடிக்கடி தீக்கு இரையாயின. பின்னர் இரும்பும் சுட்ட ஓடும் வந்தன. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரை அடுத்து, பீவி என்ற தானிய வணிகரும் ஹாக்லின் என்ற கட்டிடக்காரரும் வட்ட வடிவச் சிமெண்டு கான்கிரீட் உருளை ஒன்றைச் சோதனையாகக் கட்டிக் காட்டினார்கள். அது நிலைத்து நின்றது. அதன் பின் கான்கிரீட் உருளைகளே எங்கும் பரவின. அச்சுப் பலகையைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்திக்கொண்டே இரவும் பகலும் இடைவிடாமல் கான்கிரீட் ஊற்றுவதால், சுவர் ஒட்டுப்போடாத ஒரே கல்லாக எழுகிறது.

இத்துறையில் பொறியாளர்கள் அறிய வேண்டியிருந்த உண்மை ஒன்று உண்டு. நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஆழம் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அணையின் அடிப்பகுதியை மிகவும் அகலமாகக் கட்டுகிறார்கள். தானியமும் நீரைப் போலவே பாய்கிறது. ஆகையால் அதன் அழுத்தமும் அவ்வாறே கூடும் என்று முதலில் நினைத்தார்கள். பெரியாற்று அணை திறக்கப்பட்ட அதே 1895-ஆம் ஆண்டில், ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இது தவறு என்று காட்டினார். தானிய மணிகள் சுவரோடு உராய்ந்து, தம் சுமையின் பெரும்பகுதியைச் சுவரின் மீதே சாத்திவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குப் பிறகு அடித்தரையின் மேல் அழுத்தம் அதிகமாகக் கூடுவதில்லை. ஆகவே சைலோவின் சுவர், பக்கவாட்டு நெருக்கத்தை மட்டுமின்றித் தானியத்தின் எடையையும் சேர்த்தே தாங்க வேண்டும். வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. நெருக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. மூலையில் தானியம் தேங்கி மக்குவதற்கும் இடமில்லை.

அளவுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 4 அடி விட்டமும் 6 அடி உயரமும் உள்ள குலுக்கையின் கொள்ளளவு சுமார் 75 கன அடி. அதில் ஏறத்தாழ 1,200 கிலோ நெல், அதாவது 40 கிலோ மூட்டைகள் 30 கொள்ளும். 8 மீட்டர் விட்டமும் 30 மீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் உருளை ஒன்றில் சுமார் 870 டன் நெல் கொள்ளும். அதே உருளையில் கோதுமையை நிரப்பினால் சுமார் 1,160 டன் கொள்ளும். உமி போர்த்திய நெல்லுக்குக் கோதுமையைக் காட்டிலும் அதிக இடம் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஈரமும் சூடும்

தானியம் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது சூடும் ஈரமும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. நன்கு உலர்ந்த மணி மிக மெதுவாகவே மூச்சு விடும். ஈரமான மணி வேகமாக மூச்சு விட்டுச் சூடேறும். சூடு ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். அரிசி வண்டும் நெல் அந்துப்பூச்சியும் பெருகும். அவற்றின் மூச்சினால் மேலும் சூடு ஏறும். ஒரு மூட்டையில் இது நடந்தால் மூட்டையோடு போகும். ஆயிரம் டன் உருளையின் நடுவில் நடந்தால் வெளியே தெரிவதற்குள் நாசம் பரவிவிடும்.

ஆகையால் நிலையத்தில் தானியத்தை ஏற்றுக்கொள்ளும் முன் முதலில் பார்ப்பது ஈரத்தையே. மாதிரி எடுத்து ஈரமானியில் அளந்த பிறகே எந்த உருளைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறார்கள். ஈரம் மிகுந்திருந்தால் உலர்த்தும் யந்திரத்துக்கு அனுப்புவார்கள். உருளைகளுக்குள் மேலிருந்து தொங்கும் கம்பிகளில் வெப்பமானிகள் கோக்கப்பட்டிருக்கும். எந்த ஆழத்தில் சூடு ஏறுகிறது என்பதை அவை காட்டும். சூடு கண்டால் அடியிலிருந்து விசிறி மூலம் காற்றைச் செலுத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால், அந்த உருளையின் தானியத்தை அடிவழியே எடுத்து, கோபுரத்தில் ஏற்றி, வேறோர் உருளையில் கொட்டுவார்கள். தானியத்தைப் புரட்டிப் போடுதல் என்று இதைச் சொல்லலாம். எப்போதும் ஓர் உருளையைக் காலியாக வைத்திருப்பது இதற்காகவே.

இத்தனை வசதிகளுக்குப் பிறகும் ஒரு வரம்பு உண்டு. ஈரமாக வந்து பூஞ்சணம் கண்ட தானியத்தை எந்தக் கட்டிடமும் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. சைலோ, தன்னிடம் வந்த தானியத்தின் நலத்தைக் காக்கும். இல்லாத நலத்தை உண்டாக்காது.

விபத்துகள் கற்பிப்பவை

தானிய நிலையத்தில் மூவகை ஆபத்துகள் உண்டு. முதலாவது தூசி. காற்றில் அடர்ந்து மிதக்கும் தானியத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் அது வெடிமருந்தைப் போல் வெடிக்கும். அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்து வெஸ்ட்வீகோ ஆற்றங்கரை நிலையத்தில் 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் 36 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளின் பின்னரே, தூசியைக் கூட்டித் தள்ளுவதையும் யந்திரங்களின் சூட்டைக் கண்காணிப்பதையும் கட்டாயமாக்கும் விதிகள் 1987-இல் அங்கு வகுக்கப்பட்டன.

இரண்டாவது, தானியத்தில் அமிழ்தல். அடிவாய் திறந்து தானியம் இறங்கும்போது மேலே நிற்பவர், புதைமணலில் சிக்கியவரைப் போல் அரை நிமிடத்துக்குள் மூழ்கிவிடுவார். முழங்கால் வரை புதைந்த பின் தாமாக வெளிவருவது அரிது. நம் அரிசி ஆலைகளின் நெல் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். தொட்டியில் அடைப்பு எடுக்க ஆளை இறக்கும் முன் யந்திரத்தை நிறுத்தி, அடிவாயை மூடி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரைக் காவல் வைக்க வேண்டும். குழந்தைகளை நெற்குவியலில் விளையாட விடலாகாது.

மூன்றாவது, நச்சு வாயு. மூடிய களஞ்சியத்தில் தானியத்தின் மூச்சினால் பிராணவாயு குறைந்து கரியமில வாயு நிறைந்திருக்கும். பூச்சிகளை அழிக்க இடும் பாஸ்பைடு மாத்திரைகளிலிருந்து எழும் வாயுவோ மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்களே அவற்றைக் கையாள வேண்டும். மக்கள் உறங்கும் வீட்டில் ஒரு மாத்திரையைக் கூட வைக்கலாகாது.

எல்லாத் தானியத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதும் ஆபத்தே. லெபனான் நாட்டின் பெய்ரூத் துறைமுகத்தில் 1970-ஆம் ஆண்டையொட்டிக் கட்டி முடிக்கப்பட்ட பெரிய சைலோ வரிசை சுமார் 1,20,000 டன் கொள்ளக்கூடியது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அருகிலிருந்த கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, அந்த வட்டச் சுவர்கள் அதிர்ச்சியைத் தாங்கி நகரின் ஒரு பகுதியைக் காத்தன. ஆனால் நாட்டின் முக்கியமான தானியக் களஞ்சியம் அன்றோடு அழிந்தது. எஞ்சிய தானியம் புளித்துச் சூடேறித் தீப்பற்றியது. 2022-இல் சுவர்களின் ஒரு பகுதியும் சரிந்தது.

நம் நாட்டில்

1966-இல் நம் நாடு வெளிநாடுகளிலிருந்து ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியத்தைக் கப்பல்களில் வரவழைத்தது. கப்பல் வந்தால்தான் உணவு என்ற நிலை அன்று இருந்தது. அக்காலத்தில்தான் தானியச் சேமிப்பு ஒரு கல்வியாக நம் நாட்டில் வளர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் 1958-இல் தானியச் சேமிப்பு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் அமைந்தது. இந்திய உணவுக் கழகம் 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

இன்று நம் நாடு தானியத்தை ஏற்றுமதி செய்யும் நிலைக்கு உயர்ந்துள்ளது. ஆயினும் பெரும்பகுதி இன்னும் சாக்கு மூட்டைகளில்தான் அடுக்கப்படுகிறது. மூட்டையின்றித் தானியத்தைக் கையாளும் முறைக்கு நம் மாநிலத்திலும் சான்று உண்டு. உணவுக் கழகத்துக்காகத் தனியார் நிறுவனம் ஒன்று பஞ்சாபின் மோகாவில் 2 லட்சம் டன் கொள்ளும் சைலோக்களை அமைத்தது. அங்கிருந்து அடிவாய் கொண்ட தனி ரயில் பெட்டிகளில் கோதுமை வந்து சேர்வதற்காகச் சென்னையை அடுத்த ஏளாவூரிலும் கோயம்புத்தூரிலும் தலா 25,000 டன் கொள்ளும் சைலோக்கள் எழுந்தன. 2007-ஆம் ஆண்டையொட்டி இவை இயங்கத் தொடங்கின. கடல் கடந்து, தமிழர் வாழும் திருகோணமலையில், துறைமுகக் கரையிலேயே நிற்கும் பெரிய மாவு ஆலையின் சைலோக்களில் கப்பல் கோதுமை நேராக ஏறுகிறது.

இவையெல்லாம் கோதுமைக்கு உரியவை என்பதைக் கவனிக்க வேண்டும். நெல்லின் உமி சொரசொரப்பானது. அது குழாய்களைத் தேய்க்கும். கோதுமையைப் போல் எளிதில் வழியாது. மிக உயரத்திலிருந்து விழுந்தால் உள்ளிருக்கும் அரிசியில் விரிசல் கண்டு, அரைக்கும்போது நொய் அதிகமாகும். ஆகவே கோதுமை நாட்டு நிலையத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து மேலூரிலோ திருமங்கலத்திலோ நட்டுவிடுவதால் நம் குறை தீராது.

மதுரைச் சமவெளிக்குரிய பாடம்

அந்நிலையத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஒழுங்குமுறையே. முதலில் ஈரத்தை அள, தூய்மை செய், எடை போடு, தரையில் படாமல் வை, அடிக்கடி சோதி, முதலில் வந்ததை முதலில் அனுப்பு. இந்த ஆறும் கான்கிரீட் இன்றியும் நடக்கக் கூடியவை.

ஈரத்தின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அறுவடை யந்திரத்தின் வழியே வரும் நெல்லில் 20 சதவிகிதமோ அதற்கு மேலோ ஈரம் இருப்பது இயல்பு. பல மாதங்கள் கெடாமல் வைக்க வேண்டுமானால் 14 சதவிகிதத்துக்கு மேல் இருத்தலாகாது. விதை நெல்லுக்கு 13-க்கும் கீழே நல்லது. 20 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 80 கிலோ. அதை 14 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் எடை 93 கிலோவாகக் குறையும். குறைந்த 7 கிலோவும் நீரே. அது நட்டமன்று என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் எடைக்கு விலை பெறும் குடியானவருக்கு அது பணமாகவே தோன்றுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வரம்பு 17 சதவிகிதம். சில பருவங்களில் மழையை முன்னிட்டு அரசின் அனுமதியால் 19 வரை தளர்த்தப்பட்டதுண்டு. வரம்புக்கு மேல் உள்ள நெல் திருப்பப்படுகிறது. வரம்புக்குள் வந்த நெல்லும், மேலும் உலர்த்தப்படாவிட்டால் நீண்ட நாள் தாங்காது. களத்துக்கும் கிடங்குக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் நம் நெல் பெரிதும் கெடுகிறது. அந்த இடைவெளியை அடைப்பது தனி ஒருவரால் ஆகக் கூடியதன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டிய பணி அது.

ஆகவே ஊராட்சிகளும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

1. ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம் வேண்டும். அது சுற்றுத் தரையைவிட உயர்ந்து, நீர் வடியும் சரிவோடு இருத்தல் வேண்டும். சாலையில் நெல் காயப்போடுவது நெல்லுக்கும் கேடு. இரு சக்கர வண்டியில் செல்வோர் உயிருக்கும் கேடு. களத்தை ஒட்டிக் கூரையிட்ட கொட்டகை ஒன்று இருந்தால், திடீர் மழைக்குக் குவியலை உள்ளே தள்ளலாம்.

2. நெல்லை ஓரிரு அங்குலக் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒரு முறை காலால் உழுது கிளற வேண்டும். கடும் வெயிலில் ஒரேயடியாக உலர்த்தாமல், நடுவே குவித்து ஆறவிட்டு மீண்டும் பரப்பினால் அரிசி வெடிக்காது.

3. ஈரமானி ஒன்றைச் சங்கமே வாங்கி வைத்தல் வேண்டும். கொள்முதல் நிலைய வாயிலில் தெரியவரும் அளவு, வண்டி ஏற்றுவதற்கு முன் களத்திலேயே தெரிந்துவிட்டால் அலைச்சலும் வாடகையும் மிஞ்சும்.

4. மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்கலாகாது. மரச் சட்டங்களின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும். தார்ப்பாயால் மூடினாலும் வெயில் நேரத்தில் திறந்து காற்று விட வேண்டும். மூடியே வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் வியர்த்து நெல்லின் மேலேயே சொட்டும்.

5. இரு வாரத்துக்கு ஒரு முறை குவியலைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி எளிய கருவியாகும். துளைகள் இட்ட குழாயைத் தானியத்தில் செருகி வைத்தால், உலவும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழுந்து அடிக்குப்பியில் சேரும். வண்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே அது இருப்பதை அறியலாம். ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரியை அணுகினால் இவை பற்றிய விளக்கம் பெறலாம்.

6. உடனே விற்க வேண்டிய நெருக்கடி இல்லாதவர்கள், பதிவு பெற்ற கிடங்கில் வைத்துக் கிடங்கு ரசீது பெறலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமை மாற்றத்தக்க ரசீதைக் கொண்டு வங்கியில் கடன் பெற வழியுண்டு. நன்கு உலர்ந்த நெல்லுக்கே இவ்வசதி பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் குலுக்கை வைத்திருப்போர் அதைக் கைவிட வேண்டாம். ஆண்டுதோறும் காலி செய்து, வெடிப்புகளைப் பூசி, வெயில் காட்டி, எலி புகாத மேடையில் நிறுத்தினால், வீட்டுச் செலவு நெல்லுக்கும் விதைக்கும் அதுவே போதும். புதிதாக வாங்குவோர் தகரத்தாலான ஹாப்பூர்க் கலங்களைக் கருதலாம். எலியும் ஈரமும் அதில் எளிதில் புகா. ஆனால் ஈர நெல்லைத் தகரக் கலத்தில் அடைத்தால் மண் குலுக்கையைவிட விரைவில் கெடும்.

துறைமுகத்தில் வானளாவ நிற்கும் தானிய நிலையத்துக்குப் பல மாடிகள் உண்டு. அதன் முதல் மாடி கிராமத்துக் களம் என்று நாம் கொள்ள வேண்டும். அந்த மாடி ஈரமாக இருந்தால் மேலுள்ள மாடிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. வரும் முதற்போக அறுவடைக்கு முன், ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் எத்தனை களங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை மழைக்குப் பின் ஒரு மணி நேரத்தில் நீர் வடியும் நிலையில் உள்ளன என்பதைக் கணக்கெடுத்து, குறைகளை நிறைவு செய்ய முற்படுமாக. விளைவித்த கைக்கே விளைந்ததைக் காக்கும் வசதியும் கிட்டச் செய்வது நம் அனைவரின் கடமையாகும்.